அப்பாவின் காலுக்குள் சீமெந்து

போன வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அப்பா பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்தார். ஐஸ்கூட இல்லை, வெறும் ஈரம். பெரிய உயரத்தில் இருந்தும் விழவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்தார். 76 வயதில் அதுவே போதும். வலது கால் கொஞ்சம் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அம்புலன்சில் வந்த பெடியன் அதைப் பார்த்தவுடனேயே என்னிடம் ஜெர்மனில் சொல்லிவிட்டான், தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கும் என்று. எக்ஸ்ரேயும் அதைத்தான் சொன்னது.

அப்பா 1985இல் சுவிசுக்கு வந்தவர். முப்பது வருஷம் பேர்ண் ரெஸ்டோரன்ட் குசினிகளில் நின்றார். முதலில் கோப்பை கழுவினார், பிறகு சமையலுக்கு உதவி, கடைசிப் பத்து வருஷம் சமையல். அந்த முப்பது வருஷமும் சிகரெட். அதனால் நுரையீரலில் சி.ஓ.பி.டி., காலில் நீர் இறங்க ஒரு குளிசை, பிரஷருக்கு இரண்டு குளிசை. குசினி ஜெர்மன் அவருக்கு நன்றாக வரும். ஆனால் ஆஸ்பத்திரி ஜெர்மன் வேற சாமான். அதற்கு நான் இருக்கிறேன். ஒன்பது வயதில் வெளிநாட்டவர் பொலிசில் அவருக்குப் பக்கத்தில் நின்று பெர்மிட் கடிதம் வாசிச்ச நாளில் இருந்து அது என்ர வேலை. இதை வாசிக்கிற கனபேருக்கு இந்த வேலையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த நாளே ஒபரேஷன் என்றார்கள். முறிந்த எலும்புத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தண்டு ஒன்றை வைக்க வேண்டும், அதைப் பிடித்து வைக்க எலும்புக்குள் சீமெந்து விடுவார்கள். நான் அதைச் சொன்னதும் அப்பா வலியோடயும் சிரித்தார்.

"சீமெந்தோ? காங்கேசன்துறைச் சீமெந்தோ எண்டு கேள் பிள்ளை."

அவருடைய அப்பா, என்ர அப்பப்பா, காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1990இல் சண்டையோடு அது மூடுப்பட்டது. அப்பாவுக்கு சீமெந்து என்றால் வீடு, கிணற்றுக்கட்டு, அப்பப்பாவின்ர சேட்டில் படிஞ்ச சாம்பல் நிறத் தூசு.

அன்று பின்னேரம் மயக்கமருந்து டொக்டர் வந்தா. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கதிரையை இழுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே இருந்து, அவரைப் பார்த்தே ஆறுதலாகப் பேசினா. அவ சொன்னதன் சாரம் இதுதான்: சீமெந்தை எலும்புக்குள் அழுத்தி விடுகிற அந்தச் சில நிமிஷங்களில் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென்று விழும், ஒக்சிசன் குறையும். அரிதாக இதயம் நின்றுபோகும். இறந்தும் போகலாம். அப்பாவின் வயது, நுரையீரல், அவர் எடுக்கிற குளிசை எல்லாவற்றையும் பார்த்தால் அவருக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. இருந்தும் சீமெந்துதான் நல்லது என்று நினைக்கிறோம், நாங்கள் ஆயத்தமாக நிற்போம்.

பிறகு என்னைப் பார்த்தா. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"பிரஷர் கொஞ்சம் இறங்கக்கூடுமாம் அப்பா. அவை பார்த்துக்கொள்ளுவினமாம்."

டொக்டர் புருவத்தைச் சுருக்கினா. "நான் எட்டு வசனம் சொன்னேன், நீங்கள் இரண்டுதான் சொன்னீர்கள்" என்றா. நான் கூசாமல் சொன்னேன், தமிழ் சுருக்கமான மொழி என்று. தமிழ் தெரிந்த ஆருக்கும் அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும். அவ இன்னும் ஒருக்கால் என்னைப் பார்த்தா, பிறகு அப்பாவிடம் "ஆலஸ் கிளார்?" என்று கேட்டா. அப்பா "யா, யா" என்று கையெழுத்து வைத்தார்.

ஏன் அப்படிச் செய்தேன்? பயப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அது உண்மை. ஆனால் "இறந்தும் போகலாம்" என்ற சொல்லை என்ர வாயால் அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது, அதுதான் கூடுதலான உண்மை. அந்தச் சொல்லை ஜெர்மனில் கேட்டபோது ஒன்றும் செய்யவில்லை. தமிழில் யோசித்தபோதுதான் தொண்டையில் நின்றது.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரைக்கு அதே டொக்டர் தொப்பியைக் கழற்றாமல் வெளியே வந்தா. முகத்தைப் பார்த்ததும் அம்மா எழும்பிவிட்டா. சீமெந்து உள்ளே போய் ஒரு நிமிஷம் ஆகவில்லை, 130இல் இருந்த பிரஷர் 70க்கும் கீழே விழுந்ததாம், ஒக்சிசன் 85. முதுகில் ஊசி போட்டு விறைக்கப் பண்ணித்தான் ஒபரேஷன் செய்தவை, அதனால் அப்பா ஓரளவு முழிப்பாக இருந்தவர், அப்படியே நினைவு தப்பிப் போனாராம். மருந்து ஊசியில் ஏற்றி ஆயத்தமாக இருந்தது, கொடுத்தார்கள். பிடித்து எடுத்துவிட்டார்கள். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்.

அம்மா என்னைக் கேட்டா, "இதைப் பற்றி முதலே சொன்னவையோ?"

நான் "ஓம்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இரவும் அடுத்த இரவும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். என்ர தொழில் அப்படி. ஏதாவது விழுந்தால் ஏன் விழுந்தது என்று தெரியாமல் நித்திரை வராது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: போன் சிமென்ட் இம்ப்ளான்டேஷன் சின்ட்ரோம். இந்தச் 'சீமெந்து' உண்மையில் அக்ரிலிக் பிளாஸ்ரிக் வகை. தூளையும் திரவத்தையும் ஒபரேஷன் அறையிலேயே குழைப்பார்கள், சில நிமிஷங்களில் சூடாகி இறுகிவிடும். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி இதை இடுப்பு மூட்டுக்குப் பிரபலமாக்கினார். இது பசை இல்லை. ஒட்டாது. செங்கல்லுக்கு இடையில் சாந்து போல இடைவெளியை நிரப்பி இறுக்கிப் பிடிக்கும். அப்பாவின் 'சீமெந்து' பகிடி அவ்வளவு பிழையில்லை.

எலும்பின் நுணுக்கமான துளைகளுக்குள் போய் நிரம்ப வேண்டும் என்பதால் அதை அழுத்தி விடவேண்டும். தொடை எலும்பு ஒரு குழாய். அதற்குள் கொழுப்பும் மச்சையும் இரத்தமும் இருக்கின்றன. மேலே இருந்து அழுத்தினால் அவை எங்கே போகும்? எலும்பின் நாளங்களுக்குள் போகும். அங்கிருந்து இதயத்தின் வலது பக்கம், அங்கிருந்து நுரையீரல். ஒபரேஷன் நேரம் இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்த்தவர்கள், வலது அறைக்குள் அந்தத் துணுக்குகள் பனி கொட்டுகிற மாதிரி வருவதைக் கண்டிருக்கிறார்கள். அநேகருக்கு நுரையீரல் அதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே பழுதான நுரையீரல் என்றால் அங்கே தடை கூடும், வலது இதயம் தள்ள ஏலாமல் வீங்கும், இடது பக்கத்துக்கு இரத்தம் வந்து சேராது, பிரஷர் விழும். சீமெந்தின் திரவம் நச்சு என்றும் முந்தி ஒரு கருத்து இருந்தது. இப்போது இந்த அடைப்பைத்தான் முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள். உடம்பு அந்தத் துணுக்குகளுக்குக் காட்டுகிற எதிர்வினையும் சேர்ந்துதான் என்கிறார்கள்.

2009இல் இதை மூன்று படியாகப் பிரித்தார்கள். முதல் படியில் பிரஷர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழும், அல்லது ஒக்சிசன் 94க்குக் கீழே போகும். இரண்டாம் படியில் பிரஷர் 40 சதவீதத்துக்கு மேல் விழும், அல்லது ஒக்சிசன் 88க்குக் கீழே போகும், அல்லது எதிர்பாராமல் நினைவு தப்பும். மூன்றாம் படி என்றால் நெஞ்சை அமத்தி உயிர்ப்பிக்க வேண்டிய நிலை. அப்பா இரண்டாம் படி. மூன்று விஷயமும் அவருக்கு நடந்தது.

பிறகு 2014இல் வந்த சுவீடன் ஆய்வு ஒன்றை வாசித்தேன். வாசிச்சிருக்கக் கூடாது. இடுப்பு முறிந்து அப்பா மாதிரியே சீமெந்தோடு பாதி மூட்டு மாற்றிய 1,016 பேர். முதல் படி 21 சதவீதம், இரண்டாம் படி 5.1, மூன்றாம் படி 1.7. அதாவது நாலு பேரில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு அளவில் நடக்கிறது, அநேகமாக லேசாக. ஆனால் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள்: ஒன்றும் நடக்காதவர்களில் 5.2 சதவீதம், இரண்டாம் படியில் 35, மூன்றாம் படியில் 88. விடிய மூன்று மணிக்கு மொனிட்டர் வெளிச்சத்தில் அந்த 35ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரில் ஒருவர். பக்கத்தில் அப்பா வாயைத் திறந்தபடி நித்திரை.

அடுத்து வந்தது கோபம். சுவிசில் மூட்டுத் தேய்ந்து ஆறுதலாகத் திட்டம் போட்டு மாற்றுகிறவர்களுக்கு அநேகமாகச் சீமெந்து இல்லாத தண்டுதான் வைக்கிறார்கள். பிறகு ஏன் என்ர அப்பாவுக்கு மட்டும் இது? விடியக் கையில் கணினியோடு டொக்டரைப் பிடித்தேன். அவ கோபிக்கவில்லை. சீமெந்து இல்லாத தண்டை எலும்புக்குள் அடித்து இறுக்க வேண்டும், வயது போய் மெலிந்த எலும்பு அந்த அடியிலேயோ பிறகு நடக்கேக்குள்ளயோ வெடித்துப்போகும் என்றா. இங்கிலாந்தில் 60 வயதுக்கு மேற்பட்ட 1,225 பேரில் செய்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்றையும் சொன்னா. பிறகு தேடி வாசித்தேன். சீமெந்து வைத்தவர்கள் நாலு மாதத்தில் நன்றாக இருந்தார்கள். தண்டைச் சுற்றி எலும்பு முறிவு சீமெந்துக்காரரில் 0.5 சதவீதம், மற்றவர்களில் 2.1. இரண்டு பக்கத்திலும் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள் இறந்திருந்தார்கள். அதை வாசித்த பிறகுதான் எனக்கு விளங்கியது, சீமெந்து ஒரு பக்கம் இருக்க, இந்த வயதில் இடுப்பு முறிவதே எவ்வளவு பெரிய விஷயம் என்று. எங்கட ஆக்கள் "விழுந்து இடுப்பு முறிஞ்சு படுத்தவர்தான், பிறகு எழும்பேல்ல" என்று செத்தவீட்டில் சொல்லுவினமே, அதுதான்.

ஆகவே சீமெந்து பிழை இல்லை. டொக்டர் மறைக்கவும் இல்லை. அவர்கள் செய்தது எல்லாம் 2015இல் இங்கிலாந்தின் மயக்கமருந்து, எலும்பு, முதியோர் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து எழுதிய அறிவுரையில் அப்படியே இருக்கிறது. ஆபத்துக் கூடிய ஆள் ஆரென்று முதலே இனங்காண்பது, எலும்புக் குழாயை நன்றாகக் கழுவிக் காயவிடுவது, சீமெந்தைக் கீழிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வருவது, அதிகம் அழுத்தாமல் விடுவது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று: சத்திரசிகிச்சை நிபுணர் "இப்ப சீமெந்து விடப்போறன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், மயக்கமருந்து டொக்டர் "கேட்டுது" என்று பதில் சொல்ல வேண்டும். நாங்கள் வேலையில் புது வெர்ஷனை சேர்வரில் ஏற்றமுதல் இப்படித்தான் எல்லாருக்கும் அறிவிப்போம். அங்கே பிழைச்சால் திருப்பிப் பழைய வெர்ஷனுக்குப் போகலாம். எலும்புக்குள் போன சீமெந்தைத் திருப்பி எடுக்க ஏலாது. அன்றைக்கு அந்த அறிவிப்புக் கேட்டுத்தான் ஊசி கையில் ஆயத்தமாக இருந்தது.

அந்தச் சங்கிலியில் ஒரே ஒரு ஆள்தான் தனக்குக் கிடைத்த செய்தியை மற்றவருக்குச் சொல்லாமல் விட்டது.

முப்பது நாளை நான் நாட்காட்டியில் எண்ணினேன். அப்பா எண்ணவில்லை, அவருக்குத் தெரியாதே. மூன்று நாளில் சாதாரண வார்டு, இரண்டு கிழமையில் ரேஹா. அங்கே சாப்பாடு சரியில்லை என்று குசினிக்கு ஆலோசனை சொல்ல வெளிக்கிட்டபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ரேஹாவில் இருந்து ஒரு ஞாயிறு அவரை வெளியே கூட்டிப்போனோம். மகனுக்கு எட்டு வயது, அவனுடைய வகுப்பு போய்வந்த பவுல் கிளே நிலையத்தைத் தாத்தாவுக்குக் காட்ட வேணும் என்று நின்றான். பேர்ணில் 12ஆம் நம்பர் பஸ் போய் நிற்கிற இடம், மூன்று அலை மாதிரிக் கூரை. நெடுஞ்சாலையில் போகேக்குள்ள கண்டிருப்பீர்கள். அந்தக் கட்டடத்துக்குப் பெருந்தொகை கொடுத்தவர் மொரிஸ் முல்லர் என்ற எலும்பு மருத்துவர். பீலில் பிறந்தவர், பேர்ண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், செயற்கை இடுப்பு மூட்டில் உலகறிந்த ஆள். 1977இல் அவர் கொண்டுவந்த நேர்த் தண்டு சீமெந்தோடு வைக்கிறதுதான். நான் இதைச் சொன்னதும் அப்பா ஊன்றுகோலோடு நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இது இடுப்புக் காசு" என்றார். அருகில் இருந்த உணவகத்தில் கேக் விலையைப் பார்த்ததும் "ஓம், இடுப்புக் காசுதான்" என்றார்.

மகன் படங்கள் பார்க்க இவரோடு உள்ளே போனான். நாங்கள் இரண்டு பேரும் வாங்கில் இருந்தோம். நான் சொல்லிவிட்டேன். டொக்டர் எட்டு வசனம் சொன்னதையும், நான் விழுங்கினதையும், என்ன நடந்தது என்பதையும். 35 சதவீதத்தை மட்டும் சொல்லவில்லை.

அப்பா கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நீ ஒன்பது வயசில இருந்து எனக்கு மொழிபெயர்க்கிறாய். எவ்வளவு விழுங்குறாய் எண்டு உன்ர முகத்தில தெரியும். பெர்மிட் பிரச்சினை நேரமும் நீ அப்பிடித்தான். அப்ப நீ சின்னப்பிள்ளை, நான் விட்டிட்டன்."

"தெரிஞ்சிருந்தா ஒபரேஷனுக்கு மாட்டன் எண்டிருப்பீங்களோ?"

"சீச்சீ. படுக்கையில கிடக்க ஏலுமே? செய்யத்தான் சொல்லியிருப்பன். ஆனா அண்டைக்கு இரவு ரொறன்ரோவுக்கு ஒரு கோல் எடுத்திருப்பன்."

ரொறன்ரோவில் சித்தப்பா இருக்கிறார். ஊர்க் காணிப் பிரச்சினையில் ஆறு வருஷமாக இரண்டு பேரும் கதைப்பதில்லை. நான் அப்பாவைப் பயத்தில் இருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவரிடம் இருந்து ஒரு இரவை எடுத்துவிட்டேன். அது என்னுடையதில்லை, அவருடையது. (இப்ப எடுக்கலாமே என்று கேட்டேன். "இப்ப என்ன அவசரம்" என்றார். இன்னும் எடுக்கவில்லை.)

இந்த நாட்டுச் சட்டத்திலும் அது அப்படித்தான். விளங்கித் தீர்மானிக்கிற நிலையில் உள்ள ஆளுக்கு அவரேதான் சம்மதம் கொடுக்க வேண்டும், பிள்ளை இல்லை. அவருக்கு ஏலாமல் போனால் மட்டும்தான் மற்றவர்கள். 2013 தை முதலாம் திகதியில் இருந்து நடைமுறையில் உள்ள சட்டம் அதற்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறது. பேஷியன்டன்ஃபெர்ஃபூகுங்கில், அதாவது நோயாளி முன்கூட்டியே எழுதி வைக்கிற விருப்பப் பத்திரத்தில், பெயர் குறிப்பிட்ட ஆள் முதலில். பிள்ளைகள் வாழ்க்கைத் துணைக்கும் பிறகுதான் வருவார்கள், அதுவும் ஒழுங்காகப் பார்த்து வருகிற பிள்ளை என்றால். எங்கட வீட்டில் அந்தப் பத்திரம் இருக்கவில்லை. அப்பா நினைவு தப்பின அந்த நிமிஷங்கள் நீண்டிருந்தால், முடிவு எடுக்கவேண்டிய ஆள் ஒன்றும் தெரியாமல் வெளியே நின்ற அம்மா. வீட்டுக்கு வந்த முதல் மாதமே இரண்டு பேருக்கும் எழுதினோம். ஒரு சனிக்கிழமை பின்னேரமும் இரண்டு தரம் தேத்தண்ணியும் போனது. அம்மா "அபசகுனம்" என்றா, அப்பா "பேனையைத் தா" என்றார்.

உங்கட அம்மா அப்பாவுக்கு இப்படி ஒரு நாள் வந்தால், டொக்டரிடம் கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. சீமெந்து வைப்பீர்களா, இவருடைய இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அதில் ஆபத்து எவ்வளவு, அந்த நேரத்துக்கு என்ன ஆயத்தம் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லுவார்கள். குளிசைப் பட்டியலை முழுசாகக் கொடுங்கள், நீர் இறங்குகிற குளிசையை மறக்காமல். இடுப்பு முறிந்த ஆளுக்கு ஒபரேஷனைப் பயத்தில் தள்ளிப்போடாதீர்கள், படுக்கையில் கிடப்பது அதைவிட ஆபத்து. மொழிபெயர்ப்பை மட்டும், ஏலுமென்றால், நீங்கள் செய்யாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேளுங்கள், நேரில் இல்லாவிட்டால் தொலைபேசியில் என்றாலும். நான் கேட்காததற்குக் காரணம் எனக்கு ஜெர்மன் நல்லாத் தெரியும் என்ற திமிர்தான்.

போன மாதம் அம்மாவின் முறை வந்தது. அவவுக்கு முறிவு இல்லை, இடது இடுப்பு மூட்டு தேய்ந்து போச்சு. எலும்பும் மெலிவு, அதனால் தண்டுக்குச் சீமெந்து தேவைப்படலாம் என்றார்கள். மயக்கமருந்துக் கலந்துரையாடலுக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பு முதலே கேட்டிருந்தேன். மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்கள். முகம் தெரியாத ஒரு அக்கா, கிளிநொச்சிப் பக்கப் பேச்சு மாதிரி இருந்தது, ஒரு வசனமும் விடாமல் சொன்னா. "அரிதாக இதயம் நிக்கலாம், உயிர் போகவும் கூடும் அம்மா, ஆனா உங்களுக்கு அதுக்கான சாத்தியம் குறைவு எண்டு டொக்டர் சொல்லுறா." நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. "அந்த நேரம் ஆர் எனக்குப் பக்கத்தில நிப்பினம்?"

போன் கேட்டது. டொக்டர், தலைமாட்டில் மயக்கமருந்து டொக்டர் ஒருவர் ஒபரேஷன் முடியும்வரை நிற்பார் என்று சொன்னா. அதுவும் தமிழில் திரும்பி வந்தது.

"சரி" என்றா அம்மா. பிறகு பழக்கதோஷத்தில் என்ர பக்கம் திரும்பினா. "பிள்ளை, அண்டைக்குக் காலமை தேத்தண்ணி குடிக்கலாமோ எண்டு கேள்."

நான் வாயைத் திறக்கமுதல், மேசையில் இருந்த போன் அதை ஜெர்மனில் கேட்டுவிட்டது. பால் இல்லாமல் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு முதல் வரைக்கும் குடிக்கலாமாம்.